பழைய சைகோனைப் பார்க்கப் பாட்டியை அழைத்துப் போகலாமா?

கேள்வி: 9 ஏப்ரல் 2025

என் பாட்டி சைகோனில் பிறந்து வளர்ந்தவர். 1971ல் கல்யாணமாகிக் காரைக்கால் வந்தார். அப்புறம் அந்தப் பக்கம் போகவே வாய்க்கவில்லை. இப்போது வயது 74. கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார். போய் வந்த உறவுக்காரர் ஒருவர், "கம்யூனிஸ்ட்காரர்கள் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள், பழைய சைகோனில் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை, கிழவியைக் கூட்டிப் போய் அழவைக்காதே" என்கிறார். உண்மையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

9 ஏப்ரல் 2025, இரவு

செங்கல் நிறையவே இருக்கிறது. 1880ல் கட்டி முடித்த மாதா கோயில், அதற்குப் பக்கத்தில் 1891ல் திறந்த தபால் ஆபீஸ், 1914ல் திறந்த பென் தான் மார்க்கெட் எல்லாம் நின்ற இடத்தில்தான் நிற்கின்றன. மாதா கோயிலைச் சுற்றி மட்டும் 2017லிருந்து சாரம் கட்டிப் பழுது பார்க்கிறார்கள். உங்கள் பாட்டிக்குத் தெரிந்த மாரியம்மன் கோயிலும் இருக்கிறது, செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் இருக்கிறது. கட்டடம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போனது வேறு.

நான் 1962ல் சைகோனில் பிறந்தவன். அப்பா குடும்பம் பாண்டிச்சேரி, அம்மா வியட்நாமியர். தாத்தா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் துவானில், அதாவது சுங்க இலாகாவில், வேலை பார்க்கக் கப்பலேறிப் போனவர். 1976ல், எனக்குப் பதினான்கு வயதாகும்போது, ஆளுக்கொரு பெட்டியோடு கிளம்பினோம். அதற்கப்புறம் 1995, 2012, 2019 என்று மூன்று முறை போய் வந்திருக்கிறேன். மூன்று முறையும் மூன்று வேறு ஊர்களுக்குப் போனது மாதிரி இருந்தது. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

10 ஏப்ரல் 2025

முதலில் பாட்டிக்குத் தெருப்பெயர்களைச் சொல்லித் தயார்படுத்துங்கள். அவர் மனசில் இருக்கிற வரைபடத்தை வைத்துக்கொண்டு டாக்சிக்காரரிடம் இடம் சொன்னால், வயதான டிரைவராக இருந்தால் புரியும், இளைஞராக இருந்தால் விழிப்பார்.

அவருக்குத் தெரிந்த பெரிய கடைத்தெரு 'தூ யோ'. சுதந்திரம் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அது கத்தினா தெரு. ஒரு பிரெஞ்சுத் தளபதியின் பெயர். வடக்கின் கம்யூனிஸ்ட் படை சைகோனைப் பிடித்த 1975க்கு அப்புறம் 'தோங் கொய்', ஒருசேர எழுந்த எழுச்சி. அதே மாதிரி 'கோங் லீ' என்று ஒரு நீளமான சாலை இருந்தது. நீதி என்று பொருள். அது 'நாம் கி கொய் ங்கியா' ஆனது, 1940ல் தெற்கில் நடந்த எழுச்சியின் நினைவாக. சைகோன் ஜனங்கள் இந்த நான்கு பெயர்களையும் கோர்த்து ஒரு ஈரடி கட்டினார்கள். யார் கட்டியது என்று தெரியாது, எல்லோருக்கும் பாடம். தென்பகுதி எழுச்சி வந்து நீதியை முடித்தது, ஒருசேர எழுந்தோம், சுதந்திரம் தொலைந்தது. தெருவுக்குப் பெயர் மாற்றியதை அப்படியே சொல்வது போலத்தான் இருக்கும். குற்றம் என்று யாரும் பிடிக்க முடியாது. பெரியம்மா 1995ல் இதை என் காதருகில் வந்து, அடுப்படியில், தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு சொன்னார்.

மொழியும் அப்படித்தான். நாங்கள் விமான நிலையத்தை 'ஃபி சுவோங்' என்போம். இப்போது 'சன் பாய்'. விசாவுக்கு 'சியூ கான்' என்போம், இப்போது வேறு சொல். 1995ல் சைகோனின் 'தான் சன் நுத்' விமான நிலையத்தில் இறங்கி நான் பேசியதும், கவுண்டரில் இருந்த இளம்பெண் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "எங்கள் பாட்டி மாதிரி பேசுகிறீர்கள்" என்றாள். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. நான் பேசிய வியட்நாம் மொழி 1976ல் நின்றுபோன கடிகாரம். அதற்கப்புறம் அது ஓடவேயில்லை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

10 ஏப்ரல் 2025, மாலை

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். கத்தினா தெரு நேராகத் தளபதியின் பெயரில் வந்ததல்ல என்று ஒருவர் தனிச்செய்தியில் சொன்னார். சரிதான். தளபதியின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று இருந்தது. 1856ல் வியட்நாமின் தா நாங் துறைமுகத்தைச் சுட்டது அந்தக் கப்பல். அதன் பெயரைத்தான் தெருவுக்கு வைத்தார்கள். நாட்டைச் சுட்ட கப்பலின் பெயரை அந்த நாட்டுக்காரர்களே ஏறக்குறைய நூறு வருஷம் உச்சரித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நாங்களும்தான். 'அழகான பழைய பெயர்' என்று என் அப்பா கடைசி வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் மாற்றத்தைப் பற்றி நேற்றுவரை எனக்கிருந்த வருத்தத்தில் பாதி இப்போது இல்லை.

13 ஏப்ரல் 2025

1995 பயணத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியட்நாம் மேல் போட்டிருந்த வியாபாரத் தடையை அமெரிக்கா நீக்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு டாலருக்குப் பதினோராயிரம் தோங் கிடைத்த காலம். ரயிலுக்கும் ஹோட்டலுக்கும் வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை. என் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட், அதில் பிறந்த இடம் சைகோன். எந்த விலை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு பேச்சு நடக்கும். பெரியம்மா வீட்டில் தங்கியதற்கு வார்டு போலீஸில் போய்ப் பதிய வேண்டியிருந்தது.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. 'யீ ஹாய்' என்று கூப்பிடுவோம். 'ஹாய்' என்றால் இரண்டு. தெற்கு வியட்நாமில் மூத்த பிள்ளையை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், இரண்டிலிருந்துதான் எண்ணுவார்கள். கடைக்குட்டி 'ஊத்'. என் அம்மா நடுவில். அவருக்கு ஒரே தம்பி, அவர்தான் ஊத், எங்கள் மாமா. அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பத்தொன்பது வருஷம் கழித்துப் பார்க்கிறேன். பெரியம்மாவுக்கு அறுபத்தைந்து வயதுதான், எண்பது என்று சொல்லலாம். என்னைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சாப்பிட்டாயா?" உட்கார வைத்துவிட்டு, அடுப்படித் தரையில் குந்தி, ஒரு வெள்ளைக் கல் பலகையின் மேல் எலுமிச்சைப்புல்லை வைத்து நறுக்க ஆரம்பித்தார். கோழிக் குழம்பு. அதற்கு அங்கே பெயரே 'கா ரி'. தேங்காய்ப்பால் ஊற்றி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு, ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடுவது. நம் ஆட்கள் கொண்டுபோன குழம்புதான், அங்கே போய்க் கொஞ்சம் இனித்துவிட்டது.

சாப்பிடும்போதுதான் மெல்ல மெல்லப் பேசினார். 1975 செப்டம்பரில் பணம் மாற்றியது எனக்கே நினைவிருக்கிறது. ஐந்நூறு பழைய பணத்துக்கு ஒரு புதுப் பணம், ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. அம்மா ஒரு துணிப்பையோடு வரிசையில் நின்றார், பாதியைத் திரும்பக் கொண்டு வந்தார். அது வெறும் தாள். நாங்கள் போன பிறகு நடந்தவைதான் எனக்குப் புதிது. 1978 மார்ச்சில் தனியார் வியாபாரத்தை ஒழித்தார்கள். சைகோனின் சீனர் பகுதியான சோலோனில் சீனர்கள் கடை என்று தொடங்கி, பெரியம்மாவின் சின்னத் துணிக்கடையும் போனது. அதே வருஷம் வடக்கு, தெற்கு இரண்டுக்கும் ஒரே பணம் என்று இன்னொரு மாற்றம். அப்புறம் 1985ல் இன்னொன்று. பத்து வருஷத்தில் மூன்று முறை சேமிப்பு காணாமல் போனது.

நெல் விளையும் ஊரில் அரிசி இல்லை. ரேஷனில் 'பொ பொ' என்று ஒன்று போட்டார்கள். உமி சரியாகப் போகாத சோளம். ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் வேகாதாம். "உன் அண்ணன் அதைத் தின்று தின்று வயிற்று வலி என்று அழுவான். நீ அப்போது அங்கே என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பாண்டியில் எங்கள் வீட்டில் அப்பாவின் பிரெஞ்சு பென்ஷன் வந்துகொண்டிருந்தது. கிறிஸ்மஸுக்கு அம்மா நெம் என்கிற வியட்நாம் சுருள் பலகாரம் பொரித்து அக்கம்பக்கமெல்லாம் கொடுப்பார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

1986 டிசம்பரில் கட்சி மாநாடு கூடி 'தொய் மொய்' என்று பாதையை மாற்றியது. பெரியம்மா அதை அரசியலாகச் சொல்லவில்லை. "வாசலில் ஒரு முக்காலி போட்டு ரொட்டி விற்கலாம் என்று விட்டார்கள்" என்றார். அந்த முக்காலிதான் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது.

14 ஏப்ரல் 2025

"இவ்வளவு பாசம் உள்ளவர் ஏன் பத்தொன்பது வருஷம் போகவில்லை?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. முதல் பத்து வருஷம் போக முடியாது. அடுத்த ஒன்பது வருஷம் பயம், பணம், கல்யாணம், குழந்தைகள். அம்மா மட்டும் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். பதில் வர மூன்று மாதம் ஆகும், சிலது பிரித்து ஒட்டப்பட்டிருக்கும்.

18 ஏப்ரல் 2025, புனித வெள்ளி

இன்று கல்லறைக்குப் போய் அம்மா அப்பாவுக்குப் பூ வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

என் தாத்தா 1951ல் சைகோனில் இறந்தார். பாண்டிச்சேரிக் கிறிஸ்தவர், பிரெஞ்சுப் பிரஜை, எனவே ஐரோப்பியர்களின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. பிறகு அதற்கு மாக் தின் சி கல்லறை என்று பெயர். நெடிய மதில், உள்ளே மரங்கள், பளிங்குச் சிலுவைகள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று அப்பா என் கையைப் பிடித்து அழைத்துப் போவார். நான் சின்ன வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவுவேன். அதில் 'பாண்டிச்சேரியில் பிறந்தவர்' என்று பிரெஞ்சில் வெட்டியிருக்கும். என் வாழ்க்கையில் நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தச் சொல்லாகக்கூட இருக்கலாம். அந்த ஊரை அப்போது நான் பார்த்ததுகூட இல்லை.

1995ல் போய்த் தேடினேன். மதில் இல்லை. பூங்கா. பெயர் லே வான் தாம் பூங்கா. ஊஞ்சல், சறுக்குமரம், காலையில் கூட்டமாக உடற்பயிற்சி செய்கிறவர்கள். 1985ல் கல்லறைகளை எல்லாம் எடுத்துவிட்டார்களாம். தாத்தா எங்கே என்று யாரைக் கேட்பது? சறுக்குமரத்தில் ஒரு பையன் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் என்னை வெட்கப்படுத்துகிறது.

தோற்றவர்களின் செத்தவர்களைக்கூட விடவில்லை, பழிதீர்த்தார்கள். அந்தக் கேள்விக்கு என் பதில் இதுதான். செங்கல் இருக்கிறது, எலும்பு இல்லை.

19 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். வருஷம் 1983, 1985 அல்ல. குடும்பங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்தார்கள், வந்து எலும்புகளை எடுத்துப் போகலாம் என்று. சிலர் எடுத்தும் போனார்கள். 1963ல் கொல்லப்பட்ட அதிபர் ங்கோ தின் சியெமும் அவர் தம்பியும் அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களையும் நகருக்கு வெளியே லாய் தியூவில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆக, அறிவிப்பே இல்லாமல் மண்ணை வாரிக் கொட்டினார்கள் என்று சொல்ல முடியாது.

ஆனால் யாருக்கு அறிவிப்பு? உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டால் பாண்டியில் இருக்கிற என் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் 1983ல் யார் விசா கொடுப்பார்கள்? அந்தக் கல்லறையில் கிடந்தவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் கடலில், அகதி முகாமில், பாரீஸில், கலிஃபோர்னியாவில் சிதறிக் கிடந்தார்கள்? பழிவாங்கல் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வருத்தத்தைத் திரும்பப் பெறவில்லை.

இன்னொன்றும் இரவெல்லாம் யோசித்தேன். சைகோனுக்கும் சோலோனுக்கும் நடுவில் ஒரு பெரிய சமவெளி முழுக்க வியட்நாமியர்களின் சமாதிகள் இருந்தன. 'சமாதிச் சமவெளி' என்றுதான் பிரெஞ்சு வரைபடங்களில் போட்டிருக்கும். அதன் மேல்தான் அவர்கள் சாலை போட்டார்கள், வீடு கட்டினார்கள். அந்த அரசாங்கத்துக்குச் சுங்கம் வசூலித்துக் கொடுத்தவர் என் தாத்தா.

பூங்காவுக்குப் பெயர் கொடுத்த லே வான் தாம், உடம்பில் தீ வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரரின் வெடிமருந்துக் கிடங்குக்குள் ஓடிய சிறுவன் என்று பாடப்புத்தகத்தில் படித்தார்கள். வியட்நாமின் பெரிய வரலாற்றாசிரியர்களில் ஒருவரான ஃபான் ஹுய் லே, அது பிரச்சாரத்துக்காக உருவாக்கிய பாத்திரம் என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். அங்கிருந்தே ஒருவர் அதைச் சொல்ல முடிந்ததே என்று எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது.

1 மே 2025

நேற்று ஏப்ரல் 30. சைகோன் விழுந்து ஐம்பது வருஷம். லே சுவான் சாலையில் நடந்த அணிவகுப்பைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இளம் பிள்ளைகள் கன்னத்தில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு, விடிய விடியத் தெருவில் படுத்து இடம் பிடித்திருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், யாரும் பிடித்துத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தியது மாதிரி தெரியவில்லை. பதின்மூன்று வயதில் அதே நாளில் நான் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தேன்.

இப்போது மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். கௌ ஊத், அம்மாவின் தம்பி. தெற்கு வியட்நாம் ராணுவத்தில் இருந்தார். 1972ல் ஆன் லோக் முற்றுகையில் இறந்தார். இருபத்து மூன்று வயது. பியன் ஹோவா ராணுவக் கல்லறையில் புதைத்தார்கள். வாசலில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சிப்பாயின் சிலை இருக்கும், 'துயரம்' என்று பெயர். அந்தச் சிலையை 1975லேயே கீழே தள்ளிவிட்டார்கள். கல்லறை ராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் போனது. 2006ல்தான் அதைப் பொதுக் கல்லறையாக மாற்றி மாவட்ட நிர்வாகத்திடம் கொடுத்தார்கள், பெயர் பின் ஆன் மக்கள் கல்லறை. 2012ல் நான் போனபோது உள்ளே விட்டார்கள், பெயர் எழுதிக்கொண்டு. மரத்தின் வேர்கள் சமாதிகளைப் பிளந்து கிடந்தன. சில சமாதிகளில் புதுச் சுண்ணாம்பு. அது யாருடைய பிள்ளைகள் திரும்பி வந்தார்கள் என்பதற்கு அடையாளம். மாமாவின் சமாதியிலும் சுண்ணாம்பு புதிதாக இருந்தது. சீ ஹாய், அதாவது பெரியம்மாவின் மகள், என் அக்கா, வருஷா வருஷம் வந்து பூசுகிறாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் என் கோபத்தை வைத்துக்கொண்டே இருந்திருப்பேன். பெரியம்மாவுக்கு ஒரு மகன் உண்டு, ஆன் பா. என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஆனால் பெரியம்மா பிள்ளை என்பதால் நான்தான் அவனை அண்ணன் என்று கூப்பிட வேண்டும், அங்கே முறை அப்படி. அந்தச் சோளம் தின்று அழுத பையன். பதினெட்டு முடிந்ததும் புது அரசாங்கத்தின் ராணுவத்தில் எடுத்துக்கொண்டு போய், கம்போடியாவுக்கு அனுப்பினார்கள். 1984ல் அங்கே இறந்தான்.

பெரியம்மா வீட்டுப் பூஜை அலமாரியில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆன் பா ராணுவத் தொப்பியோடு, தொப்பியில் நட்சத்திரத்தோடு. அவன் தலைக்கு மேல் சுவரில் 'தாய்நாடு உன் தியாகத்தைப் பதிந்து வைக்கிறது' என்று அரசாங்கம் கொடுத்த பத்திரம், சட்டம் போட்டு. பக்கத்தில் மாமா. அவர் படம் கழுத்துக்குக் கீழே கத்தரிக்கோலால் வெட்டியிருக்கும், சீருடை தெரியக் கூடாது என்று. ஒரே ஊதுவத்திச் சட்டி. 1995ல் நான் கும்பிட்டபோது பெரியம்மா பின்னால் நின்று, "இருவருக்கும் ஒரே வத்தி போதும், ஒரே வயிற்று வழி" என்றார்.

ஆன் பாவின் சமாதி அரசாங்கத்தின் தியாகிகள் கல்லறையில், வரிசையாக, வெள்ளையாக, பூச்சட்டியோடு. மாமாவின் சமாதி அதே நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் தள்ளி, வேர்களுக்கு நடுவில். நாங்கள் போனவர்கள், ஒரு பக்கத்து வலியை மட்டும் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனோம். பெரியம்மாவுக்கு இரண்டும் இருந்தது.

2 மே 2025

"நீங்கள் கடைசியில் அவர்களுக்குப் பரிந்து பேசுகிறீர்கள்" என்று ஒருவர். இல்லை ஐயா. மாமாவின் சமாதியை முப்பது வருஷம் பூட்டி வைத்தது அநியாயம். செத்த சிப்பாய்க்குக் கொடியே கிடையாது. நேற்றும் அதைத்தான் நினைத்தேன், இன்றும் அதையே சொல்கிறேன். ஆனால் அணிவகுப்பு பார்க்க வந்த அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

20 மே 2025

கேள்வி கேட்டவர் டிக்கெட் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். ரொம்ப சந்தோஷம். பாட்டிக்காகச் சில விஷயங்கள்.

மாரியம்மன் கோயில் சுவோங் தின் தெருவில், பென் தான் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரம். 1975க்குப் பிறகு கோயிலில் ஒரு பகுதியை எடுத்து ஊதுவத்தி செய்கிற இடமாக்கியிருந்தார்கள், பிறகு திரும்பக் கிடைத்தது. இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்களும் சீனர்களும்தான். கருவறைக்குப் பின்னால் இருக்கிற சுவரில் நெற்றியை வைத்து, வேண்டுதலைச் சுவரிடம் முணுமுணுப்பார்கள். பாட்டி முதலில் திகைப்பார். எங்கள் அம்மாவும் அப்படித்தான் கும்பிடுவார், நான் சின்ன வயதில் மாரியம்மனுக்குக் காது கேட்காது போல என்று நினைத்திருக்கிறேன். நம் ஆட்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் அம்மனுக்கு விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

தோங் யூ தெருப் பள்ளிவாசலையும் பாருங்கள், 1935ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது.

வயதானவர்கள் யாராவது பாட்டியை 'பாய்' என்று சொல்லிப் பேசினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஆண்களை அங்கே 'ஆன் பாய்' என்பார்கள், ஏழாம் அண்ணன் என்று பொருள். வசையாகச் சொன்னவர்களும் உண்டு, வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் மேல் இருந்த கசப்பில். பாசமாகச் சொன்னவர்களும் உண்டு.

மெட்ரோ வந்துவிட்டது, 2024 டிசம்பரில் திறந்தார்கள், பென் தானிலிருந்து கிளம்புகிறது. உட்கார்ந்து போகலாம், பாட்டிக்கு முழங்கால் வலிக்காது.

3 ஜூலை 2025

முந்தாநாள் முதல் அங்கே எல்லைகளை மாற்றிவிட்டார்கள். முதல் மாவட்டம், மூன்றாம் மாவட்டம் எல்லாம் கிடையாது, வார்டுகள் மட்டும். பின் சுவோங் மாகாணத்தையும் ஹோ சி மின் நகரத்தோடு, அதாவது நம் சைகோனோடு, சேர்த்தாயிற்று. நடுவில் இருக்கிற ஒரு வார்டுக்கு 'சைகோன்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 1976 ஜூலை 2ல் அதிகாரபூர்வமாகப் போன பெயர், 49 வருஷம் கழித்து ஒரு வார்டின் பலகையில் திரும்ப வந்திருக்கிறது. சீ ஹாய் தொலைபேசியில் சொன்னாள். அவள் குரலில் பெரிய உணர்ச்சி ஒன்றும் இல்லை, "நாங்கள் எப்போதும் சைகோன் என்றுதானே சொல்கிறோம்" என்றாள். உண்மைதான், பஸ்ஸில்கூட சைகோன் என்றுதான் கூவுவார்கள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

மாமாவின் கல்லறை இருந்தது பின் சுவோங் மாகாணத்தில். அதுவும் இப்போது நகருக்குள் வந்துவிட்டது.

பேச்சோடு பேச்சாக, இங்கே தாத்தா கல்லறை பற்றி எழுதினேன் என்று அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அம்மா உங்களுக்கு எழுதவில்லையா?" என்று கேட்டாள். என்ன என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

28 ஜூலை 2025

நேற்று அங்கே போரில் இறந்தவர்களின் நாள். சீ ஹாய் காலையிலேயே மெட்ரோ ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கி, முதலில் தம்பிக்கு, அப்புறம் மாமாவுக்கு என்று இரண்டு இடத்திலும் வத்தி ஏற்றிவிட்டு வந்து என்னோடு பேசினாள். மூன்று வாரமாக ஏதோ தடை, நேற்றுத்தான் முடிந்தது.

1983ல் அறிவிப்பைப் பெரியம்மா பத்திரிகையில் பார்த்திருக்கிறார். தன் தங்கையின் மாமனார், அதுவும் அந்நிய ஜாதி, அந்நிய மதம், இவருக்கு எந்த வகையில் ஒட்டு? ஆனாலும் போயிருக்கிறார். நேர் வாரிசு என்பதற்குக் காகிதம் கேட்டிருக்கிறார்கள். இவரிடம் இல்லை. திரும்பி வந்து எங்கள் அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் எங்களுக்கு வரவில்லை. மறுபடி போனபோது கல்லெல்லாம் உடைத்துக் குவித்திருந்தார்களாம். எலும்பைப் பற்றிக் கேட்டு விடை கிடைக்கவில்லை. குவியலில் தேடி, தாத்தாவின் கல்லில் ஒரு துண்டை எடுத்து, சைக்கிள் ரிக்ஷாவில் மேலே சாக்குப் போட்டு மூடிக் கொண்டு வந்திருக்கிறார்.

பிரெஞ்சுப் பெயர் வெட்டிய கல்லை வீட்டில் வைத்திருந்தால் வார்டில் கேள்வி வரும். ஏற்கெனவே தம்பி எதிரி ராணுவத்தில் இருந்தவன் என்று பதிவு. அதனால் எழுத்தைத் தரைப்பக்கம் கவிழ்த்து, அடுப்படியில் போட்டுக் காய் நறுக்கியிருக்கிறார். 1995ல் எனக்காக எலுமிச்சைப்புல் நறுக்கினாரே, அந்தக் கல்.

நான் சீ ஹாயிடம் கேட்டேன்: அன்றைக்கு என்னிடம் ஏன் சொல்லவில்லை? பெரியம்மா 2009ல் இறந்துவிட்டார், அவரைக் கேட்க முடியாது. சீ ஹாய் சொன்னது: "கடிதத்தில் எழுதிவிட்டோம் என்றுதான் அம்மா கடைசி வரை நினைத்தாள். நீ அந்தக் கல்லைப் பார்த்தும் ஒன்றும் பேசவில்லை. அதன் மேல் வெட்டிச் சமைத்தது உனக்குக் கோபம் போல என்று வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தாள்."

எனக்கு எழுத வரவில்லை. நாளைக்குத் தொடர்கிறேன்.

29 ஜூலை 2025

கல் இன்னும் அதே அடுப்படியில்தான் இருக்கிறது. யாராவது வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பவா என்று சீ ஹாய் கேட்டாள். கேள்வி கேட்டவரும், பாட்டியோடு திரும்பும்போது கொண்டுவருகிறேன் என்று அன்போடு எழுதியிருக்கிறார். வேண்டாம் தம்பி. அங்கேயே இருக்கட்டும். நவம்பர் 2க்கு நான் போகிறேன். உங்களால் முடிந்தால் ஒன்று செய்யுங்கள்: பாட்டியை அந்த வீட்டுக்கு ஒரு வேளை சாப்பிட அழைத்துப் போங்கள். சீ ஹாயிடம் சொல்லிவிட்டேன். பாட்டியின் பழைய வியட்நாம் மொழி அவளுக்கு நன்றாகப் புரியும்.

இன்று காலை கல்லைத் திருப்பிக் கழுவி ஒரு படம் அனுப்பினாள். நாற்பது வருஷக் கத்தித் தடம் அடிப்பக்கம் போய்விட்டது. எழுத்துப் பக்கம் அவ்வளவாகத் தேயவில்லை. பெயர் உடைந்த பக்கத்தில் போய்விட்டது, வருஷமும் இல்லை. 'பாண்டிச்சேரியில் பிறந்தவர்' என்ற வரி மட்டும் முழுசாக இருக்கிறது.